சாட்டுக்கு முந்தைய பேருந்து

தாய்லாந்தின் வடபகுதியில் எந்த மாதத்தில் வயல்களைக் கொளுத்துவார்கள், அந்தப் புகை எத்தனை வாரம் மலையை மறைக்கும் என்பதைச் சித்ரகலா அறிந்திருந்தாள். வியட்நாமியரின் புத்தாண்டு நாள்களில் உணவகங்கள் அடைத்திருக்கும் என்பதையும், லாவோஸ் நாட்டில் மேகாங் ஆற்றில் நீர் குறைந்தால் படகுப் பயணம் தாமதமாகும் என்பதையும் அறிந்திருந்தாள். மூன்று நாடுகளின் மழையையும் புகையையும் விழாக்களையும் ஒத்துப் பார்த்த பின்னரே மாசி மாதத்துக்குப் பயணத்தை உறுதி செய்தாள். அவள் கணக்கில் சேர்க்காமல் விட்டது ஒன்றுதான். குண்டடத்தை அடுத்த முத்தங்காட்டுப்புதூரில், அவள் பிறந்த ஊரில், மாரியம்மனுக்கு எடுக்கும் நோம்பி.

அதனை மறதி என்று சொல்லிவிட இயலாது. கோயிலில் முதல் மரியாதை அவளுடைய தந்தையார் வீட்டுக்கா, சீனிச்சாமி என்பவர் வீட்டுக்கா என்னும் சச்சரவில் எட்டு ஆண்டுகளாக அங்கே நோம்பியே நடக்கவில்லை. ஊரார் அந்தத் திருவிழா இல்லாத மாசிக்குப் பழகிவிட்டிருந்தனர். அவளும் பழகிவிட்டிருந்தாள்.

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் உள்ள பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் அவள் மெர்ச்சண்டைசர்; தங்குவதும் அங்கேதான். பையர் எனப்படும் வெளிநாட்டு நிறுவனத்தாரிடம் ஆர்டர் பெற்று, நூல் வாங்குவது முதல் பெட்டி கப்பலேறுவது வரையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாள் குறித்து, குறித்த நாளில் நடக்கும்படி எல்லாரையும் விரட்டுவது அவ்வேலை. அத்தொழிலில் நாள்களை முன்னிருந்து எண்ணுவதில்லை. கப்பலேறும் தேதியை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். பயணத்தையும் அவள் அவ்வாறே வகுத்திருந்தாள். சைகோனிலிருந்து திரும்பும் விமானத்தில் தொடங்கி, ஹனோய், லுவாங் பிரபாங், சியாங் மாய், பாங்காக் என்று பின்னோக்கி வந்து, கொச்சி விமான நிலையத்தில் முடித்திருந்தாள். இரவுப் பேருந்தில் பயணம் செய்தால் தங்கும் செலவு மிச்சம். ஆகையால் தூரங்களெல்லாம் இரவுகளாகவே அமைந்தன.

இம்மாதத்தை விட்டால் வேறு மாதம் இல்லை. கல்லூரி முடித்தது முதல் பதினொரு ஆண்டுகள் உழைத்த நிறுவனத்திலிருந்து பயணம் புறப்படும் வாரத்தில் விலகுகிறாள். பங்குனியில் வேறொரு நிறுவனத்தில் சேர வேண்டும். இரண்டுக்கும் இடையே, ஷிப்மென்ட் தேதி எதுவும் இல்லாத ஒரு மாதம் தற்செயலாக வாய்த்தது. அதற்காகவே, தேதி மாற்ற முடியாத மலிவு விமானச் சீட்டை வாங்கியிருந்தாள்.

உடன் வருபவள் ஜோதிகா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து வேலம்பாளையத்தில் குடியேறிய குடும்பத்தவள். அதே நிறுவனத்தில் சாம்பிள் பிரிவில் இருப்பவள். மலிவுச் சீட்டில் ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோக இயலாதாகையால், ஒரு நாள் மதிய உணவு வேளையில் இருவரும் தத்தம் முதுகுப் பைகளைப் பேக்கிங் பிரிவிற்குக் கொண்டுவந்து, அட்டைப் பெட்டிகளை நிறுக்கும் தராசில் ஏற்றினர்.

பேக்கிங் பிரிவின் மேஸ்திரி நல்லான் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மேடம், இது எந்த பையருக்குங்க? பெட்டிக்கு மார்க் போடோணுமா?"

"பெட்டி இல்லீங்க, ஆளே ஷிப்மென்ட்டு" என்றாள் சித்ரகலா.

"அப்படீங்களா? இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சுதாங்க? பெயிலாயிருச்சுன்னா திருப்பி அனுப்பிருவாங்க, பாத்துக்குங்க."

ஜோதிகா தன் பையைத் திறந்து ஒரு சட்டையை வெளியே வீசினாள். "ஏக்கா, பருத்தியே உடுத்தி வளந்தவ நீ. இப்பப் பூராம் பாலியெஸ்டர அமுக்கி வச்சிருக்க. திருப்பூர்க்காரின்னு வெளிய சொல்லிறாத."

"பருத்தி துவைச்சா ஒரு நாள்ல காயாது. பஸ்ஸுலயே காய வைக்கோணும்ல?"

"பஸ்ஸு ஜன்னல்ல சட்டையத் தொங்க விட்டுட்டு மூணு நாட்டையும் தாண்டப் போறமா? நல்லாத்தேன் இருக்கும்."

அவள் சிரித்து முடிக்குமுன் சித்ரகலாவின் கைப்பேசி ஒலித்தது. தந்தையார் கிட்டுசாமி. அவருடைய குரலில் அவள் நெடுநாளாகக் கேளாத ஓர் உவகை இருந்தது.

"கண்ணு! அம்மன் பூக் குடுத்துருச்சு! வெள்ளப் பூவு! வர்ற செவ்வாக்கெழம பொழுதோட சாட்டு."

சித்ரகலா தராசின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். அம்மன் முன் பூக்களைப் பொட்டலம் கட்டி வைத்து உத்தரவு கேட்பார்கள்; வெள்ளைப் பூ வந்தால் நோம்பிக்குச் சம்மதம் என்று பொருள்.

நோம்பி சாட்டுதல் என்பது திருவிழா வருவதைத் தப்பட்டை அடித்து அறிவிப்பது. தப்பட்டை முழங்கும்போது ஊரெல்லைக்குள் இருப்பவர் எவராயினும், அன்று தொடங்கி நோம்பி முடியும் வரையில் இரண்டு வாரங்கள் வேற்றூரில் இராத் தங்கலாகாது. பகலில் எங்கும் போகலாம். இருட்டினால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு நேரமானாலும் கம்பெனி வேனில் வீடு திரும்பிவிடுவார்கள். தப்பட்டை முழங்கும்போது எல்லைக்கு வெளியே இருந்தவர்க்கு அந்தக் கட்டு இல்லை.

"அப்பா, சனிக்கெழம என்ற பிளைட்டுங்க" என்றாள்.

"அதக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க, கண்ணு. எட்டு வருசங் கழிச்சு நடக்குது. எல்லார்த்து ஊட்டுலயும் புள்ளைகள வரச் சொல்லியிருக்குது. உன்னையக் காணம்னா சீனிச்சாமி என்ன பேசுவான்னு உனக்கே தெரியும்."

"தள்ள முடியாதுங்கப்பா. தள்ளுனா சீட்டே போயிரும்ங்க."

"செவ்வாக்கெழம வா. பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அதன் பின்னர் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. பொறுப்புகளை ஒப்படைக்கும் வேலை குவிந்து கிடந்தது. ஒரு மின்னஞ்சலைத் தொடங்கினால் பாதியில் எழுந்து மாடிப்படியேறிச் சாம்பிள் பிரிவிற்குப் போவாள். அங்கே நின்றதும் எதற்கு வந்தோம் என்பது தெரியாது. விமான நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, தேதியை மாற்றும் கட்டத்தைத் தட்டுவாள். அது மங்கியே கிடக்கும். ஜோதிகா மட்டும் முதலில் புறப்படுவது, தான் பின்னர் ஹனோயில் சேர்ந்துகொள்வது என்று ஒரு வழி கண்டாள். அதனை ஜோதிகாவிடம் சொன்னதுதான் தாமதம்.

"எங்காத்தா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அந்தப் பிள்ளை கூட வந்தாப் போ. இல்லைன்னா வாயப் பொத்திக்கிட்டு வீட்ல கெட'ன்னுச்சு. நீ இல்லைன்னா நானும் இல்லக்கா. ரெண்டு பேரு சோலியும் ஒண்ணாத்தேன் முடியும்."

"அப்ப என்ன பண்றது?"

"செவ்வாக்கெழமை அங்கிட்டுத் தலை வச்சே படுக்காத. மேளத்த அடிச்சு முடிக்கட்டும். நீ வெளியில இருந்த, உனக்கு ஒரு கட்டும் கெடையாது. உங்க ஊருச் சட்டந்தான? நானா போட்டேன்?"

அவ்வழி சரியான வழிதான். ஆயினும் சித்ரகலாவால் அதனை ஏற்க முடியவில்லை. பயணத்துக்குத் தந்தையார் ஒப்புக்கொண்டது எளிதில் நடந்ததன்று. 'கல்யாணத்துக்கு வந்த எடத்தையெல்லாம் தட்டிக் கழிச்சிட்டு ஊரு சுத்தப் போறாளா?' என்று கேட்ட உறவினரை அவரே வாயடைத்தார். அவ்வாறு துணை நின்றவர் அழைக்கும் நாளில் ஒளிந்துகொள்வது அவளுக்குக் கூசியது. நேரில் சென்று, முகம் பார்த்துச் சொல்லிவிட்டு, தப்பட்டைக்கு முன்பே வெளியேறிவிடுவது என்று முடிவு செய்தாள். அம்முடிவிலும் அவளுக்கு அமைதி உண்டாகவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் அவள் ஊர் சேர்ந்தபோது கோயிலுக்கு வெள்ளையடித்து வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தனர். கிட்டுசாமி குளித்து, புது வேட்டி உடுத்தி, கூடத்தில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருந்தார். தாயார் ரங்காத்தாள் அடுக்களையில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு ஆயத்தத்துக்கும் காரணம் ஊரார் நடத்திய சமாதானப் பேச்சில் கண்ட உடன்பாடு. முதல் மரியாதை இவ்வாண்டு கிட்டுசாமி வீட்டுக்கு, மறு ஆண்டு சீனிச்சாமி வீட்டுக்கு என்று மாறி மாறி வருவதெனப் பேசி முடித்திருந்தனர். அதனுடன் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. தப்பட்டையின் முதல் அடி விழும்போது உரிய வீட்டின் தலைவர் கோயில் வாசலில் நிற்க வேண்டும். இன்றேல் அவ்வாண்டின் மரியாதை மற்ற வீட்டுக்குப் போய்விடும். அந்நிபந்தனையைச் சொன்னவர் கிட்டுசாமியே. வியாபாரமென்று எந்நேரமும் கோயம்புத்தூரில் திரியும் சீனிச்சாமி, மறு ஆண்டு எப்படியும் நேரத்துக்கு வந்து சேர மாட்டான் என்பது அவருடைய கணக்கு.

"எத்தன நாடு?" என்றார், அவள் உட்காருமுன்.

"மூணுங்கப்பா."

"ஒரே நாட்டுல ஒரு மாசம் இருந்தா ஆகாதா? மூணுக்கும் ஓடோணுமா?"

"நாலு போறதா இருந்ததுங்க. கம்போடியாவ வெட்டியாச்சு. பட்ஜெட் தாங்கலீங்க."

"நெம்பப் பெரிய மனசு" என்றார் அவர். அடுக்களையில் ரங்காத்தாள் சிரித்துவிட்டு, உடனே கரண்டியை ஓசைப்படுத்தினார்.

"அங்க என்னதான் இருக்குதுன்னு சொல்லு. ஆறா? நம்ம அமராவதி இல்லையா? கோயிலா? கோயிலுக்கு இங்க பஞ்சமா?"

சித்ரகலா எழுந்து சன்னலருகே போனாள், திரும்பி வந்தாள்.

"பாக்கறதுக்குன்னு இல்லீங்கப்பா. தெனமும் எந்திரிக்கறப்பவே இன்னைக்கு டையிங்ல யாரப் புடிக்கறது, பிரிண்டிங்ல யாரப் புடிக்கறதுன்னுதான் எந்திரிக்கறேன். பதினொரு வருசமா அப்படித்தான். ஒரு நாளாச்சும், இன்னைக்கு எங்க போறோம்னே தெரியாம எந்திரிக்கோணும்ங்க."

"அதுக்குத்தான் நீ எந்த ஊருல எந்தக் கட்டல்னு இப்பவே புக்குப் பண்ணி வச்சிருக்கறயாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒருங்கே வந்தன. இதனையே ஜோதிகாவும் சொல்லி, சண்டையிட்டு, லாவோஸில் ஐந்து நாள்களை எதுவும் எழுதாமல் வெறுமையாக விடச் செய்திருந்தாள். பயணத் திட்டம் முழுவதிலும் சித்ரகலா திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது அந்த ஐந்து நாள்களைத்தான்.

"அஞ்சு நாள் ஒண்ணும் புக்குப் பண்ணலீங்க" என்றாள்.

அவர் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. ஒண்ணு கேட்டுக்க. உள்ள இருந்து சாட்டக் கேட்டுப்போட்டு, சனிக்கெழம எல்லையத் தாண்டிப் போறவளா உன்னைய என்றால பாக்க முடியாது. போறதுன்னா இப்பவே போயிரோணும். இருக்கறதுன்னா இரு. இந்த ரெண்டுந்தான்."

"நான் போறனுங்கப்பா."

சொன்ன பிறகுதான் தன் குரல் எவ்வளவு உயர்ந்துவிட்டது என்பதை அவள் உணர்ந்தாள். கிட்டுசாமி எழுந்து ஆணியில் மாட்டியிருந்த மொபெட் சாவியை எடுத்தார்.

ரங்காத்தாள் கூடத்துக்கு வந்தார். "ஏனுங்க, நீங்க எதுக்குங்க? வேற யாரையாச்சும் வுட்டு அனுப்பலாம்ல?"

"யாரு இருக்கறா? ஊரே கோயில் வாசல்ல நிக்குது. பிரிவுல எறக்கி வுட்டுப்போட்டு வந்தர்றேன். பஸ்ஸு வர்ற நேரந்தான்."

"தப்பட்டைக்காரங்க வந்துட்டாங்களாமா."

"பொழுது எறங்கோணும்ல? அதுக்குள்ள வந்துருவேன்."

ரங்காத்தாள் மகளின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். தேங்காய்ப் பர்பி. "ஏழு கிலோவுக்கு மேல ஆயிருமோ என்னமோ, பஸ்ஸுலயே தின்னுரு" என்றார். அவருடைய முகத்தைப் பார்க்க முடியாமல் சித்ரகலா மொபெட்டில் ஏறிக்கொண்டாள்.

ஊரெல்லைக்கு அப்பால் மண்பாதை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தைப் பிரிவு என்பார்கள். அங்கே ஒரு நிழற்குடையும் சிறிய பாலமும் தவிர வேறொன்றும் இல்லை. தாராபுரத்திலிருந்து பல்லடம் போகும் பேருந்து அங்கே நிற்கும். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கதிரவன் பனைகளுக்கு மேலே இருந்தான். பேருந்தைக் காணவில்லை.

எதிர்த்திசையில் மட்டும் ஓயாமல் வண்டிகள் வந்தன. தப்பட்டைக்கு முன் ஊர் சேர வேண்டுமென்று கம்பெனி வேன்கள் புழுதி கிளப்பிக்கொண்டு பிரிவில் திரும்பின. உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏனுங் மாமா, ஊருக்கு வழி இந்தப்பக்கட்டுங்க!" வேன் முழுவதும் சிரித்தது. கிட்டுசாமி கையை உயர்த்தி ஆட்டினார்.

"நீங்க போங்கப்பா. நான் ஏறிக்குவேன்."

"ஒரு நிமிசம்."

"இது வெளிச்சந்தானுங்க. எனக்கென்ன பயம்? ஹனோய்ல ராத்திரி பஸ்ஸுல எறங்கி நடக்கப் போறவ நானு."

"அத என்ற காதுல போடாத" என்றார். ஆனால் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். பாதையில் சிறிது தூரம் சென்றார். எல்லைக் கல்லருகே வண்டியின் பின்விளக்கு சிவப்பாக எரிவதைச் சித்ரகலா கண்டாள். வண்டி அங்கேயே நின்றது, திரும்பியது, அவளை நோக்கி வந்தது.

"என்னங்கப்பா?"

"அந்தக் கடைசி வேன்காரன் ஓட்டற தினுசு செரியில்ல. குடிச்சிருப்பான் போல. பஸ்ஸு வரட்டும்."

அந்த வேன் ஊருக்குள் போய் மறைந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சித்ரகலா நிழற்குடைக்கும் பாலத்துக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தாள். சாலையின் நடுவே சென்று தாராபுரத் திசையை நோக்குவாள், ஊர்த் திசையை நோக்குவாள், கைப்பேசியை நோக்குவாள். அவர் இருமுறை வண்டியைக் கிளப்பி இருமுறையும் அணைத்தார். கதிரவன் பனைகளுக்குக் கீழே போய்விட்டான்.

கிட்டுசாமியின் கைப்பேசி ஒலித்தது. சீனிச்சாமியின் குரல் வெளியே கேட்கும் அளவுக்கு உரத்திருந்தது.

"ஏனுங் மச்சான், எங்கீங்க இருக்கறீங்க? எல்லாரும் வந்தாச்சுங்க. நான்கூடக் கோயமுத்தூர்ல இருந்து மத்தியானமே வந்துட்டனுங்க!"

"பிரிவுல நிக்கறேன். புள்ளைய பஸ்ஸேத்திட்டு வர்றேன்."

"பஸ்ஸா? தாராபுரத்துல டயர் பஞ்சராயி நிக்குதாமாங்க, இப்பத்தான் அங்கிருந்து வந்தவங்க சொன்னாங்க. மரியாதை வேற எங்கயும் போயிராதுங்க, நான் பத்திரமாப் பாத்துக்கறேன். நீங்க மெதுவா வாங்க."

சித்ரகலா மொபெட்டின் கைப்பிடியைப் பற்றினாள். "அப்பா, ஏறுங்க. நானும் வர்றனுங்க. டிக்கெட்டு போனாப் போகுதுங்க. வாங்க, போலாம்."

"இப்பவா?"

"இப்பவேதானுங்க. எட்டு வருசம் இதுக்குத்தான அலைஞ்சீங்க?"

அவர் அவளுடைய கையைக் கைப்பிடியிலிருந்து விலக்கினார். அப்பொழுது ஊர்ப் பக்கத்திலிருந்து, வயல்களைத் தாண்டி, தப்பட்டையின் முதல் அடி வந்தது. அடுத்துப் பல தப்பட்டைகள் சேர்ந்து முழங்கின. குலவை கேட்டது. எட்டு ஆண்டுகளாகக் கேளாத ஓசை. தரையிலும் அது அதிர்வதுபோல் அவளுக்குத் தோன்றிற்று.

கிட்டுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு ஊர்த் திசையை நோக்கிக் கைகூப்பினார். நெடுநேரம் அவ்வாறே நின்றார். பின்னர்ப் பாலத்தின் சுவரில் போய் அமர்ந்தார்.

"சரி" என்றார். "இனி அவசரமில்ல."

சித்ரகலாவுக்கு அழுகை வந்தது. "எதுக்குங்கப்பா திரும்பி வந்தீங்க? கல்லு வரைக்கும் போனீங்கல்ல?"

"போனேன். அங்க நின்னு பாத்தா, நீ ரோட்டுக்கு நடுவுல நின்னுட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிட்டு இருந்த. எந்தப் பக்கம் போவீன்னு எனக்கே தெரியல. வந்துட்டேன்." சற்றுப் பொறுத்து, "நீ இப்பப் போகாம இருந்தீன்னா ரெண்டு பேர்த்துதும் போச்சு. அது மட்டும் வேண்டாம்" என்றார்.

சாலையில் விளக்குகள் தெரிந்தன; அது லாரி. அவர் பேச்சைத் தொடர்ந்தார்: "அந்த ஆத்துல ரெண்டு நாள் படகுல போறதுன்னியே. ராத்திரிக்குப் படகுலயேவா தூங்குவீங்க?"

"இல்லீங்க. நடுவுல ஒரு ஊருல எறக்கி வுட்டுருவாங்க. காலைல மறுபடி ஏறிக்கோணும்."

"நீச்சல் தெரியுமா அந்த உசிலம்பட்டிப் புள்ளைக்கு?"

"தெரியாதுங்க."

"உனக்கும் தெரியாது. நல்ல ஜோடி" என்றார்.

பேருந்து வந்தபோது முற்றும் இருட்டியிருந்தது. அவள் ஏறினாள். படியில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நடத்துநர் விசில் ஊதிவிட்டார். பின்கண்ணாடியில் மொபெட்டின் விளக்கு பிரிவில் திரும்பிப் பாதைக்குள் இறங்குவது தெரிந்தது. மெதுவாகவே இறங்கியது.

ஜோதிகா அழைத்தாள். "ஏக்கா, என்னாச்சு? உள்ளயா, வெளியயா?"

"வெளிய."

"ஆத்தாடி! அப்ப சனிக்கெழமை போறமா?"

"போறோம்."

"அத ஏன் எழவு வீட்ல சொல்ற மாதிரிச் சொல்ற?"

பேருந்து கொடுவாயைத் தாண்டியதும் தந்தையார் அழைத்தார். பின்னணியில் தப்பட்டை இன்னும் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் உரக்கப் பேச வேண்டியிருந்தது.

"இந்த வருசம் சீனிச்சாமிக்குத்தான்னு சொல்லிப்போட்டாங்க. நான் போட்ட கண்டிசன்தான? நானே என்னன்னு பேசறது? மாலைய வாங்கிட்டு அவன் என்னையவே கட்டிப் புடிச்சுக்கறான், போட்டோ எடுத்தாங்க." அவர் சிரிக்கிறாரா என்பது அந்த ஓசையில் விளங்கவில்லை. "உங்கம்மா இன்னும் பேசல. நாளைக்குப் பேசுவா."

"அப்பா..."

"அது கெடக்குது. பல்லடத்துல எறங்கித் திருப்பூர் பஸ்ஸு புடிச்சதும் ஒரு போன் பண்ணிப்போடு. அங்க போயும் பண்ணோணும். அந்த ஒண்ணும் புக்குப் பண்ணாத அஞ்சு நாள் இருக்குதுல்ல? அந்த அஞ்சு நாளும் தப்பாம பண்ணோணும்."

இணைப்பு அறுந்தது. பேருந்தில் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

"எடந்தான் கெடக்குதேம்மா, உக்காருங்க" என்றார் நடத்துநர்.

"இருக்கட்டுங்க" என்றாள் சித்ரகலா. கம்பியைப் பற்றிக்கொண்டு, வண்டி போகும் திசையை நோக்கியே பல்லடம் வரையிலும் நின்றாள்.